வாழைப்பழ ரொட்டிக்கு எத்தனை நிமிடம்?

டொராண்டோ

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? போர்ட் ஆன்டோனியோவில் மழை விட்டதா?

நான் நலம். போன வாரம் குளிர்பதனக் கிடங்கில் அமோனியா கொஞ்சம் கசிந்தது. நான்தான் அடைத்தேன். அன்றிலிருந்து மூக்குக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. மற்றபடி ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறைத் தோழர்களுக்கு உங்கள் வாழைப்பழ ரொட்டியைச் சுட்டேன். அடுப்பின் முன்னாலேயே நின்றும் கருகவிட்டேன். "மூக்க ஜமைக்காவுலயே விட்டுட்டு வந்துட்டியாடா?" என்றான் லின்வல். நானும் சேர்ந்து சிரித்தேன். கசிவை முகர முடியாதவனுக்கு இங்கே வேலை கிடையாது, யாரிடமும் சொல்லாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு வந்து உங்களுக்கும் தங்கைக்கும் நானே சுட்டுத் தருகிறேன். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று உடனே எழுதுங்கள். வழக்கம்போல 'வாசனை வந்ததும் எடு' என்று எழுதிவிடாதீர்கள்.

எவர்ட்டன்