பூ எழுத்து

அன்று ஹட்டன் ஸ்டேசனில் நான் உன்னிடம் சொல்லாதது இதுதான்: கொழும்பில் எழுத்து வார்ப்பவர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது.

இன்று காலை அச்சகத்தில் மண்ணெண்ணெய் தொட்டு ஈய எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய். ஆங்கிலப் பூ எழுத்துப் பெட்டியில், கியூ எழுத்தின் குழிக்குள் விரலை விட்டேன். நம் பக்கத்தில் கியூவில் பெயர் தொடங்கும் பெண்ணோ மாப்பிள்ளையோ இல்லை. அந்தக் குழியை யாரும் தொடுவதில்லை. நான் மடித்து வைத்தபடியே கொழும்புக் கடிதம் இருக்கிறது. பிரிக்காமல் திரும்ப வைத்தேன்.

என் பக்கத்தில் நின்று எழுத்துக் கோத்த உன்னளவுக்கு அந்தப் பூ எழுத்தை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. நெட்டுக்கோடு பருத்திருக்கும், குறுக்குக்கோடு மயிரிழையாய் மெலியும், பாதத்தில் தேயிலைக் கொழுந்து சுருண்டதுபோல் ஒரு வளைவு. தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து கலியாண அட்டை அடிக்க வருகிறவர்கள் பெண், மாப்பிள்ளை பெயர்களை அதில்தான் கேட்பார்கள். தமிழ் கீழே சாதா எழுத்தில் இருக்கும்.

"இங்கிலீசுக்கு மட்டும் சப்பாத்து, நம்ம தமிழுக்கு வெறுங்காலா புள்ள? காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கு வந்து நிக்கிற மாதிரியே நிக்குது" என்று சிரித்தாய்.

பிறகு நீயே வரைய ஆரம்பித்தாய், கோடு போட்ட கொப்பியில், பக்கத்துக்கு ஓர் எழுத்தாக. அந்தப் பாதம் நம் வளைவுகளுக்குப் பொருந்தவில்லை. 'க'வை எத்தனை தடவை அழித்தாய்! கடைசியில் பாதத்தை விட்டுவிட்டு, எழுத்து முடியும் நுனியில் கொழுந்தை வைத்தாய். 'அம்மா' என்று எழுதிக் காட்டினாய். கொப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முடித்தவரை கொழும்புக்கு அனுப்பினோம்.

"மிச்ச எழுத்துகளையும் வரைந்து அனுப்பினால் வார்த்துத் தருகிறோம்." இந்தப் பதில் வந்த காலையில்தான், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி, உங்கள் குடும்பம் இந்தியாவுக்கு ரயிலேறியது. கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ இல்லாட்டி அங்கிட்டு நான் யாருகூட இருப்பேன் புள்ள?"

நீ ஜன்னலில் இருந்தாய். "பதில் வந்துச்சாடி? வந்திருந்தா சொல்லு, பெட்டியோட எறங்கிர்றேன்."

இல்லை என்று தலையாட்டினேன்.

அன்று அதைக் கருணை என்று நினைத்தேன். இப்போது அதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை.

கூடலூரிலிருந்து வந்த உன் கடிதங்களெல்லாம் "பதில் வந்துச்சா?" என்றே முடிந்தன. நான் இங்கே பெய்யும் மழையைப் பற்றி எழுதினேன். இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு நீ போய்விட்டாய்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு அட்டை அடிக்க, லிந்துலையிலிருந்து உன் மாமா வந்தார். உன் பெயரை ஆங்கிலப் பூ எழுத்திலாவது கோக்கலாமென்று பெட்டியை இழுத்தேன்.

"சாவுக்குப் பூ எழுத்தா? பாக்கிறவங்க கலியாணம்னு நெனச்சிருவாங்க தங்கச்சி" என்றார் முதலாளி.

அன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மூடிவிட்டு, கறுப்புக் கரைக்குள், வெறுங்கால் எழுத்தில் உன் பெயரைக் கோத்தேன்.