முழம் போடும் கைக்கு நெல் அளக்க விடுத்த ஓலை

நலம் சூழ்க. கடலும் கழியும் கைகோத்த வெண்கழி நாட்டை ஆள்பவரும், ஆயிரம் உப்பளம் உடையவர் என்று புலவர் பாட, அவற்றை ஒருநாளும் எண்ணிப் பார்த்திராதவரும், கொள்ளைக் காய்ச்சலில் கிடந்து எழுந்து இன்னும் கால் தரையில் சரியாகப் பாவாதவருமான அல்லியங்கோதைப் பெருமாட்டியாகிய நாம், புன்னைத்துறைப் பட்டினத்துச் சுங்க நாயகம் கூத்தன் விழுப்பேரையர் கண்டு தெளிய விடுக்கும் ஓலை.

உம் துறையில் அலை அடங்குக. உம் பட்டினத்துக் கிணறுகள் இனிக்க. காய்ச்சல் கண்ட வீடுகளில் மீண்டும் அடுப்பு எரிக. உம் இல்லத்தாரும் உம் சாவடியில் பணி செய்வோரும் நலமே இருக்க. இவ்வாழ்த்துகளை நாம் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. மெய்யாகவே வேண்டிச் சொல்கிறோம். இனிச் சொல்லப்போவது உமக்குக் கசக்கும் என்பதால் இதை முதலில் சொல்லி வைத்தோம்.

இங்கே மேல்மாடத்துச் சாளரத்தருகே நம் கட்டிலை இட்டிருக்கிறார்கள். மருத்துவர் நம்மை இறங்க விடுவதில்லை. அங்கிருந்து பார்த்தால் கடைத்தெரு முழுவதும் தெரிகிறது. ஆள் மட்டும் இல்லை. கூல வணிகர் முற்றத்தில் கொக்குகள் நடக்கின்றன. மான் ஒன்று கன்றோடு வந்து பட்டுக்கடை வாயிலில் படுத்து, நண்பகல் முழுதும் அசைபோட்டுவிட்டுப் போகிறது. வெயில் கடை கடையாக ஏறி இறங்குகிறது, வாங்க வந்தவரைப் போல. இது காய்ச்சலில் கண்டதா, கண்ணால் கண்டதா என்று நமக்கே சில வேளை ஐயமாகிறது. பணிப்பெண்ணைக் கேட்டால் அவளும் மானைப் பார்த்ததாகத்தான் சொல்கிறாள்.

இந்த அமைதி நாமே இட்டது. காய்ச்சல் கடைத்தெருவில்தான் ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுகிறது என்று மருத்துவர்கள் ஒரே குரலில் சொன்னபோது, கடைகளைச் சாத்தச் சொன்னோம். சாத்தச் சொன்னவர் சோறு போட வேண்டும் அல்லவா? ஆதலால், நாட்டிலுள்ள வணிகர் ஒவ்வொருவரும் தம் முத்திரையிட்ட எடைக்கல்லைச் சுங்கச் சாவடியில் ஒப்படைக்க வேண்டும் என்றும், ஒப்படைத்தவருக்கு மாதந்தோறும் இரு கலம் நெல் நம் களஞ்சியத்திலிருந்து அளக்கப்படும் என்றும், கடைவரி நீங்கும் என்றும், காய்ச்சல் ஓய்ந்ததும் கல்லைத் திரும்பப் பெற்றுக் கடை திறக்கலாம் என்றும் ஆணையிட்டோம். கல் நம்மிடம் இருக்கும்வரை விற்பனை நடவாது. கல் வைத்திருந்ததே அவர் வணிகர் என்பதற்குச் சான்றும் ஆகும். இந்த வழியைச் சொன்ன அமைச்சரை அன்று நாம் புகழ்ந்த புகழ்ச்சியில் அவருக்கே வெட்கம் வந்துவிட்டது. மக்கள் இதற்குக் கல்லுறக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர்தான்.

தலைநகரத்துக் கற்கள் அரண்மனைக் கீழ் மண்டபத்தில் உறங்குகின்றன. மருத்துவர் கண்ணயர்ந்த ஒரு பிற்பகலில் நாம் சுவரைப் பிடித்தபடியே இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு கல்லும் துணியில் சுற்றி, வேப்பிலை செருகி, உடையவர் பெயரெழுதிய நறுக்கோலை கட்டி, தொட்டில் பிள்ளைபோல் கிடந்தது. பொன் நிறுக்கும் சிறு கல்லும் புளி நிறுக்கும் பெருங்கல்லும் அருகருகே இருந்தன. மண்டபம் குளிர்ந்திருந்தது. அவை மூச்சுவிடுவது கேட்டது என்றால் நீர் அதைக் காய்ச்சல் என்பீர்; நமக்குக் கேட்டது. அங்கேயே தூணில் சாய்ந்து உறங்கிப்போனோம். நம் நாட்டில் ஒருவரும் பசித்திருக்கவில்லை என்று நம்பி நாம் உறங்கிய கடைசி உறக்கம் அது. எழுந்து மேலே வந்தபோது உம் ஓலை காத்திருந்தது.

உம் ஓலையில் நீர் தெரிவித்தது இது. புன்னைத்துறைப் பூக்காரத் தெருவில் இருக்கும் வெள்ளச்சி என்பவள், கணவனை இழந்தவள், இரு பிள்ளைகளை உடையவள், கல்லுறக்கம் தொடங்கிய கிழமையில் உம் சாவடிக்கு வந்தாள். கல்லைக் கொடு என்று கணக்கர் கேட்க, அவள் தன் வலக்கையை முழங்கைவரை உம் கணக்குப் பலகைமேல் நீட்டி வைத்தாள். அவள் சொன்ன சொல்லை, அவையை இகழ்ந்ததற்குச் சான்றாக, நீர் எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர். அதற்காக உம்மைப் பாராட்டுகிறோம். அதை அப்படியே இங்கும் எழுதச் சொன்னோம்; நம் ஓலைநாயகம் எழுத்தாணியை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்த்தார்; எழுதும் என்றோம்.

"எங்கிட்ட ஏது சாமி கல்லு? பூவை யாரு நிறுத்து விக்கிறா? இந்தக் கைதான் எனக்குக் கல்லு, இதுலதான் மொழம் போடுறேன். வேணும்னா இதையே துணியில சுத்தி வச்சுக்கிட்டு நெல்லைக் குடுங்க. புள்ளைங்க பசியோட கெடக்கு."

கணக்கர்கள் சிரித்தார்கள் என்றும், கை என்பது முத்திரையிடப்பட்ட அளவுகருவி ஆகாது என்று நீர் விளக்கி அவளைத் திருப்பி அனுப்பினீர் என்றும் எழுதியிருக்கிறீர். அதன்பின் அவள் மும்முறை வந்தாள். மும்முறையும் அதே விளக்கம் அவளுக்கு அளிக்கப்பட்டது. விளக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்ட முடியாது என்பது உமக்குத் தோன்றவில்லை.

அவள் வீட்டுக் கொல்லைப்புறத்து மல்லிகைக் கொடிக்கு நம் ஆணை தெரியாது. அது தன்பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருத் தச்சர் ஒருவரின் மனைவி காய்ச்சலில் இறந்துபோக, வெறுங்கழுத்தோடு அவளை எடுத்துப்போக மனமில்லாமல் அவர் வெள்ளச்சியின் வேலிக்கு அப்பால் நின்று பூக் கேட்டிருக்கிறார். அவள் நான்கு முழம் அளந்து வேலிமேல் போட்டுவிட்டு, அவர் வைத்துப்போன அரிசியை எடுத்துக்கொண்டாள். உம் காவலர் கண்டனர். அவள் இப்போது உம் சாவடிக் கொட்டடியில் இருக்கிறாள்.

தடுத்த காலத்தில் விற்றவரின் அளவுகருவியை நடுத்தெருவில் முறித்துப் போட வேண்டும் என்பது நம் முன்னோர் வைத்த விதி. அவ்விதியை மேற்கோள் காட்டி, குற்றவாளி அளந்தது தன் கையால் என்பதால் முறிக்க வேண்டியது அக்கையே ஆகும் என்றும், இது கடுமையாகத் தோன்றினும் விதியில் விலக்கு இல்லை என்றும், வரும் அமாவாசைக்குள் மறு ஆணை வாராவிடில் கொல்லனைக் கொண்டு அதைச் செய்து முடிப்பேன் என்றும் எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் இட்டிருக்கிறீர்.

விழுப்பேரையரே, உம் ஓலையைப் படித்த அன்று இரவில் நாம் கண்ட கனவைக் கேளும். கீழ் மண்டபத்தில் கற்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் கைகள் இருந்தன. துணியில் சுற்றி, வேப்பிலை செருகி, பெயர் கட்டி, வரிசை வரிசையாக. மண்டபம் எங்கும் மல்லிகை மணம். நாம் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனோம். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. இது யாருடையது, இது யாருடையது என்று கேட்டோம். பெயர் படித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. விழித்தபோது பணிப்பெண் நம் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கையைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் விடாதிருந்தோம்.

இன்னொன்றும் சொல்கிறோம். நம் தங்கை இந்தக் காய்ச்சலில்தான் போனாள். அரசகுலத்தில் பிறந்தவள், ஒரு முழம் பூ இல்லாமல் போனாள். ஊரில் எங்கும் பூ இல்லை, பூக்காரர்களை அடக்கியது நம் ஆணை. நமக்கு அன்று அழக்கூடத் தெம்பில்லை. அந்தத் தச்சர் பெற்ற நான்கு முழத்தை நினைத்தால் நமக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது.

இனித் தீர்ப்பு. நெல் கேட்டு வந்தபோது அவள் கை அளவுகருவி அல்ல என்றீர். முறிக்க வேண்டி வந்தபோது அதே கை அளவுகருவி என்கிறீர். ஒரே பலகை, ஒரே கை, ஒரே நாயகம். கொடுப்பதற்கு இல்லாத கண் ஒடிப்பதற்கு மட்டும் உமக்கு எப்படித் திறந்தது? நீர் கெட்டவர் அல்லர். ஏட்டில் உள்ளதை ஒரு புள்ளியும் விடாமல் செய்பவர். அதனால்தான் நமக்கு உம்மைக் கண்டு இவ்வளவு அச்சமாக இருக்கிறது. நாளைக்கு உம் துறையில் மீன் விற்ற பெண் ஒருத்தி பிடிபடுவாள். மீனைக் கூறு வைப்பவளுக்குக் கல்லும் இல்லை, முழமும் இல்லை. கண் பார்த்துத்தான் கூறு போடுகிறாள். அன்று எதை முறிப்பீர்?

கையை அளவுகருவியாக ஏற்றால், கை உள்ளவர் எல்லாம் வந்து நிற்பார்கள், பொய் சொல்லி நெல் வாங்குவார்கள், களஞ்சியம் காலியாகும் என்று உம் ஓலையின் ஓரத்தில் குறித்திருக்கிறீர். வரட்டும். பொய் சொல்லி வாங்கினவனும் அதைப் பொங்கித்தான் தின்பான். கழுத்தில் கோத்து மாட்டிக்கொள்ள மாட்டான். பத்துப் பொய்யருக்கு அளந்தால் நம் களஞ்சியத்தில் ஒரு மூலை குறையும், அவ்வளவே. மெய்யான ஒருத்திக்கு அளக்காவிட்டால், அந்தக் களஞ்சியத்தைக் கட்டி எலிகளுக்கு விட்டிருக்கலாம்.

ஆதலால் நாம் ஆணையிடுவதாவது: இவ்வோலை கண்ட கணமே வெள்ளச்சியைக் கொட்டடியிலிருந்து நீரே திறந்து விடுக. முழத்தால் விற்போரும், கைப்பிடியால் கீரை விற்போரும், கண்பார்வையால் கூறு வைப்போரும், தம் உடம்பையே அளவாகக் கொண்ட பிறர் யாவரும் இன்றுமுதல் கல் ஒப்படைத்தவரோடு ஒத்தவராக வைத்து எண்ணப்படுக. அவர்கள் கையை எங்கும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அது அவரவர் வீட்டில், அவரவர் பிள்ளைகளின் தலைமேல் உறங்கட்டும். அவர்களுக்கும் மாதந்தோறும் இரு கலம் நெல் அளக்க. தவறிப்போன மாதங்களுக்காக, அவள் கை நீட்டிய அதே பலகைமேல் வெள்ளச்சி முழங்கையை ஊன்றி விரல்களை நிமிர்த்தி நிற்க, அவள் விரல் நுனி உயரத்துக்கு நெல்லைக் குவித்துக் கொடுக்க. அவளைக் கொண்டே அளக்க. முத்திரை மரக்கால் அன்று சாவடியில் கண்ணில் படவும் கூடாது. அளவுகருவியை முறிக்கும் விதியில், உயிருள்ள எதுவும் அளவுகருவி ஆகினும் முறிக்கப்படாது என்ற வரி இன்றே சேர்ந்தது.

ஓலைகள் வாயிலுக்கு வாயில் ஒரு பகல் வேப்பம்புகையில் கிடக்க வேண்டும் என்பதும் நாமே இட்ட ஆணை. உம் ஊருக்கு வரும் பெருவழியில் வாயில்கள் பல, அமாவாசையோ நெருங்கிவிட்டது. நம் அவசரத்துக்காக ஊரார் நலத்துக்கு இட்ட ஆணையைத் தளர்த்த மாட்டோம். எனவே காய்ச்சல் கண்டு பிழைத்த தோணிக்காரர் ஒருவரிடம் இதைக் கொடுத்துக் கழிவழியே விடுக்கிறோம். நீர்வழியில் வாயில்கள் இல்லை. அவர் துடுப்பை வலிப்பதை இந்தச் சாளரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்போம். ஆம்பல் இலைகளுக்கு நடுவே அந்தத் தோணி எவ்வளவு மெல்லப் போகிறது என்று இப்போதே நெஞ்சு பதறுகிறது.

அவள் கை முழுதாய் இருக்கையில் இது வந்து சேருமாயின், சொன்னபடி செய்து, இதே ஓலையின் அடியில் எழுதி அனுப்புக. ஒடிந்த பின் வந்து சேருமாயின் ஒன்றும் எழுத வேண்டாம். அவளைப் பல்லக்கில் ஏற்றி, நீர் அதன் பக்கத்தில் நடந்து, நம்மிடம் வருக. என்ன செய்வோம் என்று நமக்கே இப்போது தெரியாது.

கழி வற்றாதிருக்க, கதவுகள் மீண்டும் திறக்க, இது நம் வாய்ச்சொல். நம் மீன்கொத்தி இலச்சினை இட்டது. கேட்டபடி எழுதினேன், ஓரிடத்தில் எழுத்தாணி நின்றதும் உண்மை: இவை ஓலைநாயகம் தாழைக்கிழார் எழுத்து.

*

புன்னைத்துறைச் சுங்க நாயகம் அடியேன் கூத்தன் விழுப்பேரையன், பெருமாட்டி திருவோலையைத் தலைமேற்கொண்டு அடியில் எழுதும் விண்ணப்பம். அமாவாசை அன்று காலை ஓலை வந்தது. கை முழுதாக உள்ளது. முறிக்க வேண்டிய கொல்லனுக்கு ஆள்மேல் ஆள் விட்டும் அவன் உலையை அணைத்துவிட்டு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டான். அவனைத் தண்டிக்க எண்ணியிருந்தேன், இனி எண்ணவில்லை. கொட்டடிக் கதவை அடியேனே திறந்தேன். பூட்டு வெகுநேரம் திறக்கவில்லை.

பலகைமேல் நெல்லைக் குவித்தோம். விரல் நுனி மறைந்ததும் கணக்கர் போதும் என்றார். அப்பெண் கையை எடுக்கவில்லை. "நாலு மொழம் வாங்குனா ஒரு விரக்கடை சேத்துப் போடுவோம் சாமி. நெல்லுக்குக் கொசுறு கெடையாதா?" என்று கேட்டாள். திருவோலையைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் கொசுறு பற்றி ஒன்றும் இல்லை. இரு கையாலும் அள்ளிப் போட்டேன். அதை என்ன அளவாக எழுதுவது என்று அருளிச்செய்ய வேண்டும்.