குறை என்னிடம் இருந்தது, மச்சான்

என் நண்பனும் மச்சானுமான முனியாண்டிக்கு,

நாம் பேசிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதில் கடைசி இரண்டு ஆண்டுகள் நீ உயிரோடு இல்லை. உன் சாவுக்கும் நான் வரவில்லை. உன் தங்கை சரோஜாவை உன் ஊர் சுங்கை ஆயர் தாவாருக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினேன். இன்று நானாகவே வாய் திறக்கிறேன். நீ சொன்னது சரி. குறை என்னிடம்தான் இருந்தது.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். சில மாதங்களுக்கு முன் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்தேன். இரண்டே படிதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் எலும்பு ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்று டாக்டருக்குச் சந்தேகம். சட்டையைக் கழற்றச் சொன்னார். நாம் சிறுவர்களாக ஆற்றில் குளிக்கும்போது தோட்டத்து லயத்துப் பையன்கள் புடைத்திருந்த என் மார்பைப் பார்த்துச் சிரிப்பார்கள், நீ அவர்களை அடிக்கப் போவாய், ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் சிரிக்கவில்லை. முழு உடம்பையும் சோதித்துவிட்டுக் கேட்டார்.

“சார், பிள்ளைங்க எத்தனை பேரு?”

“இல்ல டாக்டர். வீட்டுல அவங்களுக்குக் கொஞ்சம் பிரச்சினை.”

“அவங்களுக்குன்னு யாரு சொன்னா?”

யார் சொன்னது, மச்சான்? உண்மையில் யாருமே சொல்லவில்லை.

ரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்துத் தட்டச்சு செய்த ஒரு தாள் வந்தது. “குரோமோசோம் நாப்பத்தாறு இருக்கணும் சார். உங்களுக்கு நாப்பத்தேழு. ஒரு எக்ஸ் கூடுதலா இருக்கு. அதனாலதான் விந்துல உயிரணு உண்டாகல. கரு உருவாகும்போதே நடந்துடுற விஷயம். பரம்பரையா வர்றது இல்ல. யார் தப்பும் இல்ல” என்றார்.

இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவத்துக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவன் நான். மனிதனுக்கு நாற்பத்தாறு என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிய கை இது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

யார் தப்பும் இல்லை என்றால், இருபது ஆண்டுகளாக ஒருத்தி சுமந்தது என்ன? கருப்பையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மூன்று முறை சரோஜாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். என் அம்மா கொடுத்த கசாயத்தை எல்லாம் குடித்தாள். தீமிதித்தாள். நான் சோதனைக்கு ஒரு சின்னப் புட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஆம்பிளை எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். இத்தனை படித்தும்.

நம் பேச்சு நின்ற அந்த நாளை, உன் மகள் பெரியவளான சடங்கை, நினைத்துக்கொள்கிறேன். முதல் தண்ணீரை அத்தைதான் ஊற்ற வேண்டும். சரோஜா செம்பை எடுத்ததும் என் அம்மா, “பிள்ள பெத்தவ யாராச்சும் முதல்ல ஊத்தட்டும்லா” என்றார். நீ விடவில்லை.

“என் தங்கச்சிதான் ஊத்துவா. குறை அவகிட்டதான்னு எந்த டாக்டர் சொன்னான்? மாப்பிள்ளையும் ஒருதடவ போய் டெஸ்ட் பண்ணட்டுமே.”

பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒருவன், “வாத்தியாருக்கே பரீட்சையாடா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சரோஜாவின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வெளியேறினேன். அத்தனை பெண்கள் முன்னால் நீ அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்ற கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் மட்டும் நான் போயிருப்பேனா?

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உன் மகளுக்கு ஜெராமில் ஒரு வரன். பையன் ரவாங்கில் தொழிற்சாலை வேலை, நல்லவன். எல்லாம் கூடிவந்த நேரத்தில் தரகர் வந்து, “பொண்ணு தங்கம்தான். அத்தைக்குப் பிள்ள இல்லையாமே, அது ரத்தத்துல வருமோன்னு பையனோட அம்மா யோசிக்கிறாங்க” என்றாராம். சரோஜா வந்து என்னிடம் சொன்னாள். “என்னால அந்தப் புள்ள வாழ்க்கையும் நிக்குதுங்க” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றாள். அந்தத் தாள் அப்போது அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் இருந்தது.

எடுத்துக் கொடுத்தேன். மலாய்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவள், ஆங்கிலத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். நான் விளக்கிச் சொன்னேன். அவள் அழவில்லை.

“உங்களுக்கு எத்தன நாளா தெரியும்?”

“ஒன்பது நாள்.”

“எங்க அண்ணனுக்குப் பதினோரு வருஷமா தெரியும்.”

பிறகு சொன்னாள்: “என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? ஜெராமுல போய்ச் சொல்லுங்க.”

அதுதான் செய்யப்போகிறேன். உன் மகள் உடம்பில் சரோஜாவின் குடும்பத்து ரத்தம் ஓடுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை. என் ரத்தம் அவளிடம் ஒரு சொட்டுகூட இல்லை. இதை அந்த அம்மாள் முன்னால் உட்கார்ந்து, தாளைத் தமிழில் படித்துச் சொல்வேன். அவர்கள் சிரிக்கலாம். ஜெராம் மீன்கடையிலிருந்து என் பள்ளிக்கூடம் வரை பேச்சு வரலாம். வரட்டும்.

இந்தக் கடிதத்தைச் சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். “ஒரு இடத்துல என்னைப் பாவம்னு எழுதியிருக்கீங்க. அத மட்டும் எடுத்துடுங்க” என்றாள். எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறுகிறேன். என்னை எனக்குத் தெரியும், கடைசி நேரத்தில் தலைவலி என்று படுத்துவிடுவேன். அதனால்தான் சனிக்கிழமைப் பத்திரிகையில் வரும்படி இதை முன்னதாகவே அனுப்புகிறேன். நான் ஜெராமில் இறங்கும்போது அவர்கள் படித்து முடித்திருப்பார்கள். திரும்பி வர வழி வைக்கவில்லை, மச்சான். போய்ச் சொல்லிவிடுவேன்.

உன் தங்கை சரோஜாவின் கணவன்,
உன் மாப்பிள்ளை
இராஜமாணிக்கம்
கோல சிலாங்கூர்