ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

திருவனந்தபுரம்,
19.1.1999

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் விஜினும் சுகம். நீங்களும் மாமியும் எஸ்டேட் குளிரில் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. முப்பதாம் தேதி வந்து விஜினை இங்கே சபை ஹாஸ்டலில் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். போன் செய்திருக்கலாம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவன் நான். ஆனால் போனில் இப்போது எனக்குப் பேச வருவதில்லை.

எங்கள் சபை ரத்னாபாய் டீச்சர் உங்களுக்கு எழுதியது உண்மை. பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விஜின் கோயிலுக்கு வராமல் ஃபுட்பால் விளையாடப் போனான். நானும் கிரவுண்டில்தான் நின்றேன். எஸ்டேட்டில் பிளஸ் டூ இல்லை என்று நீங்கள் அவனை எங்களிடம் விட்ட நாள் முதல், அவன் அக்கா ஷெமி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை அவன் பந்தைத் தொட்டதில்லை. உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும்.

ஆட்டம் வெள்ளிக்கிழமை நடக்க வேண்டியது. அன்று ஹர்த்தால், பஸ் ஓடவில்லை. ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். ஜில்லா செமி ஃபைனல், விஜின்தான் கோல்கீப்பர். கோச் தங்கச்சன் சார் வீட்டுக்கே வந்து, “அவன் இல்லெங்கில் டீம் இல்லா சாரே” என்றார். மறுநாள் கெமிஸ்ட்ரி மாடல் பரீட்சை வேறு. விஜின் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பூட்ஸைத் துடைத்து வைத்தான், பைபிளையும் எடுத்து மேஜையில் வைத்தான். போய் விளையாடு என்று சொன்னது நான்.

எலிக்காய்ச்சலில் ஷெமி போனபோது அவன் அழவில்லை, அடக்கத்தன்று நீங்களே பார்த்தீர்கள். அதற்குப் பிறகும் அழவில்லை. கிறிஸ்துமஸ் பரீட்சையில் ஃபிசிக்ஸ் பேப்பரில் பேரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஆட்டத்தில் தோற்றார்கள். கடைசி கோல் அவன் கைக்கு அடியில் போனது. விசில் அடித்ததும் போஸ்ட்டில் சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். ஒரு கோலுக்கு யாரும் அவ்வளவு அழ மாட்டார்கள். ஜெயித்த டீமின் கோல்கீப்பர் வந்து, “போட்டெடா, வெறும் களியல்லே” என்று, வெறும் விளையாட்டுதானே விடு என்கிற மாதிரி, தோளில் தட்டினான். தங்கச்சன் சார் தூக்கிவிடப் போனார், நான் வேண்டாம் என்றேன். எல்லாரும் போன பிறகு அவன் என்னிடம் வந்து, “அத்தான், அக்காகிட்ட கேக்காம வந்துட்டேன்லா” என்றான். பழவங்காடியில் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டான்.

கெமிஸ்ட்ரி மார்க் நேற்று வந்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று. நல்ல மார்க் இல்லை, ஆனால் பேப்பரை முழுக்க எழுதியிருக்கிறான். மேத்ஸ் நான் சொல்லிக் கொடுக்கிறேன். இன்டகிரேஷனில் இன்னும் தடுமாறுகிறான். மார்ச்சில் பரீட்சை.

ரத்னாபாய் டீச்சர் வீட்டுக்கும் வந்திருந்தார். “ஷெமி போனதுக்குப் பொறவு அவனுக்கு இங்க என்ன இருப்பு? நீங்க சின்ன வயசு, நாளைக்கு வேற ஒருத்தி வருவா. அப்ப பயல எங்க கொண்டு விடுவீங்க?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படி யாரும் வருவார்களா என்று நான் யோசித்ததில்லை. காலையில் அவன் ஓடப் போகும்போது நானும் எழுந்து கூடப் போகிறேன். அவன் கிரவுண்டைச் சுற்றி ஓடுகிறான், நான் கேட் பக்கம் நிற்கிறேன். திரும்பி வந்து டீ போட்டுக் குடித்துவிட்டு ஆபீஸ் போகிறேன். அவன் இல்லாவிட்டாலும் காலையில் எழுந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். சோதித்துப் பார்த்ததில்லை.

ஹாஸ்டலில் சாப்பாடும் ஜெபமும் நேரத்துக்கு நடக்கும், அதை மறுக்கவில்லை. போன ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். இனியும் போவோம். பரீட்சை முடியும்வரையாவது அவன் இங்கே இருக்கட்டும் என்று கேட்கிறேன்.

உங்கள் மகன், முடிவு உங்களுடையது. முப்பதாம் தேதி மாமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் எழுதியதை அவனிடம் நான் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போவதுதான் என்றால் நீங்களே அவனிடம் சொல்லுங்கள், மாமா. என்னால் சொல்ல முடியாது.

கர்த்தர் உங்கள் இருவருக்கும் நல்ல சுகம் தரட்டும்.

உங்கள் மருமகனாகவே இருக்கும்,
ஜெபசிங்