மருந்துப் பெட்டியில் ஒரு மண்ணுளிப் பாம்பு

மே 3, புதன்

இன்று சிம்சிமுக்கு இரை கொடுக்கும் நாள். கொடுக்கவில்லை. வயிறு நிறைந்த பாம்பைக் குலுக்கி எடுத்துப்போனால் கக்கிவிடும், கக்கினால் தேறுவது கஷ்டம். பயணத்துக்கு முன் ஒரு வாரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும். ஆக, போவதென்று நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன் போலிருக்கிறது. அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கார்ட்டூமில் சண்டை தொடங்கிப் பதினெட்டு நாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், பஹ்ரியில், எங்கள் தெருவில் ஆள் இருக்கும் வீடு ஏழுதான். மின்சாரம் இல்லை. அம்மாவின் இன்சுலின் மூன்று குப்பிகளும் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் இருக்கின்றன.

மே 5, வெள்ளி

அப்பாவே பேச்சை எடுத்தார். நானும் அம்மாவும் போர்ட் சூடானுக்குப் போகிறோம். அவர் வரவில்லை.

"வீடு காலியா கிடந்தா ஜன்னல் கதவுகூட மிஞ்சாது. நீங்க போங்க, பின்னாடியே வரேன்."

"அப்போ சிம்சிம்?"

"அதை எங்கிட்ட விட்டுட்டுப் போகாதே தமாதிர். எனக்கே எலிதான் சாப்பாடுன்னு ஆகப்போகுது. பாம்போட போட்டி போட முடியாது."

சிரித்தோம். பிறகு அவர் கொல்லைப் பக்கம் போய் நெடுநேரம் நின்றார்.

மே 6, சனி

அம்மாவுக்குக் கோபம். "மனுஷங்க உயிரைக் கையில பிடிச்சுகிட்டு ஓடுறாங்க. இவ பாம்பைக் கையில பிடிச்சுகிட்டு ஓடுறாளாம்!"

ஒன்பது வருடத்துக்கு முன், நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்த மாதம், செங்கல் குவியலுக்கடியில் விரல் நீளக் குட்டியாகக் கிடந்தது. எள்ளைத் தூவியதுபோல் உடம்பெங்கும் புள்ளி. அதனால்தான் சிம்சிம், எள். இப்போது முழங்கை நீளத்தைத் தாண்டிவிட்டது. யாரையும் கடித்ததில்லை. மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். வெளியே விட்டால் இரை தேடத் தெரியாது. செத்துப்போகும்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அவர் கேட்டது நியாயம்தானே?

மே 8, திங்கள்

அப்பா பெட்டி செய்கிறார். முப்பத்திரண்டு வருடம் ஃப்ரிட்ஜ் பழுதுபார்த்த கை. ஏதோ கடையின் பழைய ஐஸ்கிரீம் பெட்டியை அறுத்து, தெர்மோகோல் பலகையால் நடுவில் தடுப்பு வைத்தார். ஒரு பக்கம் இன்சுலின், மறுபக்கம் சிம்சிம். ஒரே ஒரு ஐஸ் பாட்டில் (ஜெனரேட்டர் கடையில் உறைய வைத்துத் தருகிறார்களாம்), துண்டு சுற்றி, இன்சுலின் பக்கம். தடுப்பில் போட்ட துளை வழியாகக் கொஞ்சம் குளிர்ச்சி பாம்புக்கும் போகும். எந்த ஃப்ரிட்ஜிலிருந்தோ கழற்றிய வெப்பமானியின் கம்பியைப் பாம்பின் பக்கம் விட்டு, முள்ளை வெளியே பொருத்தியிருக்கிறார்.

"இருபத்தாறுல இருந்து முப்பது. முப்பத்திரண்டு தாண்டினா துணியை நனைச்சு மூடு. ஐஸ் மருந்துல நேரா படக்கூடாது. உறைஞ்சா மருந்து போச்சு. பாம்பு மேலயும் படக்கூடாது."

"பாம்பைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாம்பைப் பத்தித் தெரியாது. குளிரைப் பத்தித் தெரியும்."

என் மருந்தோடு பாம்பா என்று அம்மா அந்தப் பெட்டியைத் தொட மறுத்துவிட்டார்.

மே 10, புதன்

கிளம்பினோம். சிம்சிமைத் தலையணை உறைக்குள் விட்டு, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, ஆணியால் துளையிட்ட பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன். உருளாமல் இருக்கச் சுற்றிலும் கிழிந்த துணி. தண்ணீர்க் கிண்ணம் கிடையாது. சிந்தி நனைத்துவிடும். போய்ச் சேரும்வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. பார்க்க வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை வரும். அதற்கு ஒன்றும் தேவையில்லை.

அப்பா பேருந்துவரை வந்தார். கட்டிப்பிடிக்கவில்லை. பெட்டி மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார்.

(கதாரிஃப் வந்ததும் சேர்த்தது.) நான்காவது சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு ஏறிய ஒருவன் மடியிலிருந்த பெட்டியைக் காட்டி, "என்ன இது?" என்றான்.

"இன்சுலின். அம்மாவுக்கு."

"டின்னுல?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "பாம்பு."

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தான். டின்னைத் திறந்து துணிமேல் கை வைத்தான். உள்ளே அது நெளிந்தது. அவன் பின்னால் துள்ளி இருக்கையில் இடித்துக்கொண்டான். துப்பாக்கி மேலே வந்துவிட்டது.

கீழே நின்ற வயசாளி ஒருவர் ஏறி வந்து உறையை வெளியிலிருந்தே தடவினார். "மண்ணுளிடா. எங்க ஊர் வயல்ல நெறைய உண்டு. பொம்பளைப் பிள்ளைங்க வளர்க்குது, நீ பயப்படுற" என்று அவனை இறக்கிக்கொண்டு போனார்.

பிரச்சினை அதற்குப் பிறகு. முன் இருக்கைக்காரர், ஹசபல்லா என்று பெயர், துணி வியாபாரியாம், எழுந்து கத்தினார்: "பிள்ளைகுட்டிங்க இருக்கிற வண்டியில பாம்பா? அந்தப் பெட்டியைத் தூக்கி அடியில போடு. இல்ல, ரோட்டுல எறி."

அடியில் என்றால் சாமான் அறை. அந்த வெயிலில் அடுப்பு. சிம்சிம் அரை மணிகூடத் தாங்காது. ஓட்டுநர் அதரூப், போர்ட் சூடான்காரர், கண்ணாடியில் என்னையே பார்த்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்தார். இரண்டு நாளாக அந்தப் பெட்டியைத் தொட மறுத்தவர்.

"என் மருந்து அதுலதான் இருக்கு. பெட்டி அடியில போச்சுன்னா நானும் அடியிலதான் வருவேன். ஏறி உட்காரப்பா, உன் துணி மூட்டையை அது தின்னுடாது."

யாரோ சிரித்தார்கள். அதரூப் வண்டியை எடுத்தார்.

மே 11, வியாழன்

காலையில் கதாரிஃபில் புது ஐஸ் கிடைத்தது. முள் 28. கஸ்ஸாலா தாண்டும்வரை 29. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மே 12, வெள்ளி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஹையாவுக்கு முன்னால், நேற்று பகல் பதினொன்றரைக்கு வண்டி நின்றது. ரேடியேட்டர் வெடிப்பு. மரமே இல்லாத இடம். இருந்த தண்ணீரில் பாதி எஞ்சினுக்குப் போனது. மீதியை அதரூப் குவளைக் கணக்கில் கொடுத்தார். பேருந்தின் நிழலில் எல்லோரும் ஒட்டி உட்கார்ந்தோம். முள் 31. என் பங்கில் பாதியைத் துணியில் ஊற்றிப் பெட்டியை மூடினேன்.

"குடிக்கிற தண்ணியில பாம்புக்குக் குளியலா?" என்றார் ஹசபல்லா. கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. அவர் உதடும் வெடித்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் ஊற்றினேன்.

இரண்டு மணிக்கு 33. ஐஸ் கரைந்து, குளிர்ந்த தண்ணீராக அரை பாட்டில் மிச்சம். அது இரண்டு பக்கத்துக்கும் போதாது. தடுப்புத் துளையைத் துணியால் அடைத்தேன். குளிர்ச்சி முழுக்க மருந்துக்கு. அவ்வளவுதான். தேர்ந்தெடுத்துவிட்டேன். டின்மேல் கை வைத்து, உள்ளே அது ஓயாமல் முட்டுவதைக் கேட்டுக்கொண்டே எப்போதோ கண் செருகிவிட்டது.

விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முள் 30. எனக்குப் புரியவில்லை. மூடியைத் தூக்கினேன். பாட்டில் பாம்பின் பக்கம், டின்னை ஒட்டி, துண்டோடு. இன்சுலின் பக்கம் வெறும் சூடு.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? பைத்தியமா உங்களுக்கு?"

"கத்தாதே. மருந்து போனா ஊர்ல வேற வாங்கலாம். இதுக்கு மாத்து எங்க போய் வாங்குவ?" பெட்டி மூடியைச் சாத்திக்கொண்டே, "ரொம்ப முட்டுச்சுடி. கேட்டுகிட்டு உட்கார முடியல."

இன்று காலை போர்ட் சூடான். ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். வகுப்பறைக்கு மூன்று குடும்பம்.

முடிச்சை அவிழ்த்தேன். உயிரோடு இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தில் தலையை வைத்து அப்படியே கிடக்கிறது. கடற்கரை மணலைக் கழுவிக் காயவைத்து ஒரு வாளியில் நிரப்பினேன். இனி பத்து நாள் தொடக்கூடாது, இரை வைக்கக்கூடாது.

அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை.

மே 14, ஞாயிறு

ஊசி போட்டும் அம்மாவுக்குச் சர்க்கரை 390. நேற்று 340. மருந்து சூட்டில் கெட்டுவிட்டது. மூன்று குப்பியும்.

மே 15, திங்கள்

ஒன்பது மருந்துக்கடை. எங்கேயும் இல்லை. ஊரே இங்கே வந்து சேர்ந்திருக்கிறது, எல்லோருடைய அம்மாவுக்கும் சர்க்கரை. ஜித்தாவிலிருக்கும் அண்ணன் முவாவியா கப்பலில் அனுப்புகிறானாம், நான்கு நாளாகும். அம்மா தண்ணீர் தண்ணீர் என்கிறார். வாந்தி.

வாளியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு பாம்பு. ஒரு பாம்புக்காக, அடி தமாதிர்! நீ ஏன் தூங்கினே? ஏன் தூங்கினே?

மே 16, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு வாசலில் ஹசபல்லா. அவர் குடும்பமும் இதே பள்ளியில், கடைசி வகுப்பறையில்தான். சட்டையெல்லாம் வியர்வை. கையில் ஐஸ் பொட்டலம், அதற்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு குப்பி. துறைமுகம் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒருவருடைய அக்காவின் வீட்டில் வாங்கினாராம். நேற்று முழுக்க அலைந்திருக்கிறார்.

எனக்கு அழுகைதான் வந்தது.

"இது பாம்புக்கில்ல" என்றார் கண்டிப்பாக. "ஹாஜாவுக்கு, உங்கம்மாவுக்கு."

மாலை சர்க்கரை 240. அல்ஹம்துலில்லாஹ்.

மே 20, சனி

கப்பலில் மருந்து வந்துவிட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்து, பள்ளியில் சமைக்கும் ஃபூல் மொச்சைக் கூழில் எண்ணெய் போதாது என்று குறை சொன்னார். இந்தக் குறையைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

அப்பாவிடமிருந்து செய்தி இல்லை.

மே 24, புதன்

முவாவியா பேசினான். அடுத்த கப்பலில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பை. பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

கேட்கும்போதே சிம்சிமை யாரிடம் விடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். இந்த முறை தயங்கவில்லை. ஓட்டுநர் அதரூப் வந்து பார்த்து, அரை மனதோடு, "கடிக்காதுன்னு எழுதிக் குடு, வச்சுக்கறேன்" என்றார். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அம்மாவிடம் சொன்னேன்.

"உங்கப்பா வராம நான் கடல் தாண்டறதா இல்ல" என்றார்.

"அண்ணன்கிட்ட என்ன சொல்றது?"

"பாம்பு விடமாட்டேங்குதுன்னு சொல்லு. அது மேல பழியைப் போடு. அது ஒண்ணும் மறுத்துப் பேசாது."

மே 25, வியாழன்

கப்பல் போய்விட்டது.

மே 29, திங்கள்

இரையை இரண்டு முறை மறுத்துவிட்டது. சாப்பிட்டு முப்பது நாளுக்கு மேல். மண்ணுளி இதையும் தாங்கும், இன்னும் தாங்கும். தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன்.

ஜூன் 2, வெள்ளி

பள்ளியின் தானியக் கிடங்கில் எலித்தொல்லை என்று பெண்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா பொறி வைத்திருக்கிறார். காலையில் இரண்டு விரலால் வாலைப் பிடித்து, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு ஒரு சுண்டெலியைக் கொண்டுவந்தார்.

"இந்தா. சீக்கிரம் வாங்கு, எனக்குக் குமட்டுது."

மணல் அசைந்தது. ஒரே இழுப்பு. வாலும் மறையும்வரை அம்மா அங்கேயே நின்று பார்த்தார்.

ஜூன் 9, வெள்ளி

அப்பாவோடு இருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மதனி நகரத்துக்கு வந்து சேர்ந்தாராம். இரண்டு வாரத்துக்கு முன் அப்பா கிளம்பிவிட்டார் என்கிறார். எந்த வழியாக என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜூன் 10, சனி

ஒன்றுமில்லை.

ஜூன் 11, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஜூன் 15, வியாழன்

இன்று முதல் வராந்தாவில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இருபத்து மூன்று பேர். ஹசபல்லா தன் இரண்டு பெண்களையும் அனுப்பியிருக்கிறார், "அந்தப் பொருளை வெளியே எடுக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு. பெண்கள் கேட்ட முதல் கேள்வியே, "அந்தப் பொருள் எங்க மிஸ்?"

ஜூன் 21, புதன்

இன்று வகுப்பு இல்லை. பிள்ளைகளைக் கடல் பக்கம் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார் அம்மா. வராந்தாவில் வாளி உருட்டிய பெண்ணுக்கு ஓர் அதட்டல். பாங்கு சொல்பவர் மட்டும்தான் தப்பினார். எங்கள் அறைக் கதவைச் சாத்தி, குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். யார் வந்தாலும் உதட்டில் விரல்.

"உங்கப்பா பதினோரு மணி நேரமாத் தூங்குறார்" என்று என்னிடம் கிசுகிசுத்தார். "எழுப்பினேன்னு வை, உன்னையும் உன் பாம்பையும் சேர்த்து வெளிய தள்ளிடுவேன்."