அம்புக்குறி இல்லாத டயர்

என் ஆசை நைனாவுக்கு,

உன் வண்டியின் முன் டயரில் இடது ஓரம் மட்டும் மொழுக்கென்று இருந்தது. வலது ஓரத்தில், வாங்கி வந்த அன்றிருந்த ரப்பர் முடிகள் இன்னும் ஒன்றிரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறிய பிறகு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் வண்டியைக் கழுவ உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

ஒரே டயர் ஒரு பக்கம் கிழடாகவும் ஒரு பக்கம் புதுசாகவும் எப்படி நைனா இருக்கும்? நீ இதைக் கவனித்திருக்கிறாயா? கவனித்திருந்தால் எனக்குச் சொல்லியிருப்பாய். பதில் பேசாத மகளிடம் பேசிக்கொண்டே இருக்க உனக்கு மட்டும்தான் அலுப்பு வந்ததில்லை.

இனி எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது. பழைய பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரமும் ஒரு தகரத் தொட்டியும் வைத்து நீ கட்டிய வண்டி அது. காலையில் நாலு ஊர் வாசல்களில் வைத்திருக்கும் டின்களை எடுத்து, உத்திரமேரூர் மில்லில் மிளகாயும் மல்லியும் அரிசியும் அரைத்து, மதியத்துக்கு மேல் அந்தந்த வாசலில் கொடுப்போம். வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லக்கூடக் குரல் வராமல் ஒன்பதாவதோடு நின்றவள் நான். நீ திட்டவில்லை. தொட்டியில் ஏறி டின்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாய். அவ்வளவுதான்.

நீ போன பிறகு, மாமா வந்து கம்பெனி வேலை பேசிவிட்டுப் போனார். வேன் வந்து ஏற்றிக்கொள்ளுமாம், ஹாஸ்டலில் ஒரு அறைக்குப் பத்துப் பெண்களாம். வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். லைசென்ஸ் எடுத்ததே நீ இருக்கும்போதுதானே. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு டயரு வாங்கித் தரேன். அது தேயிற வரைக்கும் ஓட்டு. தேஞ்சிச்சின்னா வண்டிய குடுத்துட்டு வேன்ல ஏறிடணும். சம்மதமா?"

தலையாட்டினேன். உன் டயர் எதுவும் ஒரு போகம்கூடத் தாங்கியதில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பழைய டயரோடு இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். பின்னால் தொட்டியில் யாரும் இல்லை. டின்களைக் கயிறு போட்டுக் கட்டினேன். நீ போனால் வாசலுக்கு வாசல் ஒரு கேலியாவது நடக்கும். என்னிடம் பெண்கள் ஒன்றிரண்டு கேட்டுப் பார்த்தார்கள், நான் சிரித்துவிட்டு நிற்பதைப் பார்த்து விட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் டின்னை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். நாலு ஊர் சுற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. வீட்டில் அம்மாவும் பேசுவதில்லை. நடவுக்குப் போய்வந்து சோறாக்கிவிட்டுப் படுத்துவிடுவாள். உன் பேரை அவள் சொல்லி நான் கேட்கவே இல்லை.

மூன்றாம் வாரம் எனக்கு இடது தோள்பட்டை வலித்தது. இடது உள்ளங்கை மட்டும் சிவந்தது. உன் இடது உள்ளங்கையில் மட்டும் காய்ப்பு இருந்ததே, நைனா, நீ பிறந்ததிலிருந்தே அப்படியோ என்று நினைத்திருக்கிறேன். மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பார்த்தேன். சங்கிலி வலது பின்சக்கரத்தை மட்டும்தான் இழுக்கிறது. அதனால் வண்டியின் மூக்கு எப்போதும் இடது பக்கம் போகப் பார்க்கிறது. அதை நேராக வைக்க நாள் முழுக்க இடது கைப்பிடியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். பைக் என்றால் சாயும். இது சாயாது. அந்தத் தள்ளலை எல்லாம் முன் டயரின் இடது ஓரம்தான் தாங்குகிறது.

கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று ஒவ்வொரு முறையும் வேறு கம்பெனி டயராக மாற்றினாயே. டயர் மேல் தப்பே இல்லை. இதைச் சொன்னால் நீ எப்படிச் சிரித்திருப்பாய்?

சங்கிலியை மாற்றிக் கட்ட வெல்டிங்கில் பாதி வண்டியை அறுக்க வேண்டும். உன் கை வைத்த இடத்தை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட முடியாது, டயரை முடியுமே என்று தோன்றியது. தேய்ந்த பக்கத்தை வலத்துக்கும், புதுப் பக்கத்தை இடத்துக்கும். ஆனால் கட்டை கட்டையாய் ரப்பர் புடைத்திருக்கும் உன் பட்டன் டயரின் பக்கவாட்டில், சுற்றும் திசையைக் காட்டி ஒரு அம்புக்குறி இருந்தது. அதைத் திருப்பிப் போடக் கூடாது.

அம்மா கொடுத்த காசோடு, பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நீ எப்போதும் போகும் டயர் கடைக்குத்தான் போனேன். ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்ததுமே உன் பட்டன் டயரை எடுத்துப் போட்டார். நான் அதைத் தொடாமல், மாட்டியிருந்த ஒவ்வொன்றின் பக்கவாட்டையும் குனிந்து குனிந்து பார்த்தேன்.

"இன்னாம்மா, மாப்ள பாக்க வந்தா மாதிரி பாத்துக்கினு கீற? உங்க நைனா ரெண்டு நிமிசத்துல தூக்கிக்கினு போய்டுவாரு."

காது சுட்டது. திரும்பி வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு வேனை நினைத்துக்கொண்டேன்.

"அம்புக்குறி இல்லாதது வேணும்ணா."

"இன்னாத்துக்கு?"

"திருப்பிப் போட. ஒரு பக்கமே தேயுது."

அவர் வெளியே வந்து நம் வண்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒன்றை இறக்கினார். நேர்கோடு நேர்கோடாகப் பள்ளம், நடுப்பகுதி தட்டை, பக்கச்சுவர் கட்டைவிரலால் அழுத்தினாலும் அமுங்காத கனம். அம்பு இல்லை. சேற்றில் மட்டும் வழுக்கும், ஜாக்கிரதை என்றார். மாட்டிக் கொடுத்துவிட்டு, டயர் கழற்றும் இரண்டு லீவரை இரவலாகத் தந்தார்.

அவர் சொன்னது சரிதான். ஐப்பசி மழையில் காலனிச் சந்துக்குள் முன்சக்கரம் சோப்பு மேல் போவது போலப் போனது. நீ ஏன் பட்டன் டயரையே விடாமல் வாங்கினாய் என்று அன்றைக்குப் புரிந்தது. அந்தச் சந்து வீடுகளுக்கு வாசல் வரை போவதற்காக. உன்னை ஏளனமாக நினைத்ததற்கு மன்னித்துவிடு. நான் தார் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, டின்களை இடுப்பில் வைத்து நடக்கிறேன். கடைசி வீட்டு அலமேலு அக்கா கேட்டது: "ஒவ்வொண்ணா தூக்கினு வரியே, ஒரு கொரலு குடுத்தா நாங்க வந்து எடுத்துக்க மாட்டமா? வாய் கீதா இல்லியா ஒனக்கு?" நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அதற்குப் பதிலை யோசித்துக்கொண்டே வந்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அம்மா தினமும் நடவிலிருந்து வந்ததும், கால் கழுவுவதற்கு முன், டயரின் இடது ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். எப்போதும் அந்த ஓரம்தான். போன ஞாயிற்றுக்கிழமை, மில் லீவு. அந்த ஓரத்துப் பள்ளங்கள் ஆழம் குறைய ஆரம்பித்திருந்தன. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். செங்கல் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, லீவர் போட்டு, விரல் நசுங்கி, இரண்டு மணி நேரத்தில் டயரைத் திருப்பிப் போட்டேன்.

மறுநாள் அம்மா விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, தேயவே மாட்டுது. உங்க நைனா கீற வரைக்கும் ஒண்ணுகூட இப்டி கெடைக்கலியே அவருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் நீ ஒருமுறை பங்குனி வெயிலில் டயர் வெடித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, டின் மிளகாய்த்தூளோடு வாசலில் விழுந்த கதையைச் சொன்னாள். சோறு ஆறுகிற வரைக்கும் சொன்னாள். அஞ்சு மாதத்துக்குப் பிறகு நம் வீட்டில் உன் பேச்சு. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். டயரைத் திருப்பியதைச் சொல்ல முடியவில்லை.

நாலு நாள் ஆயிற்று. தினமும் அவள் புதுப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உன்னைப் பற்றி ஏதோ ஒன்று சொல்கிறாள். நான் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடுமா? ஏமாற்றிவிட்டாய், வேனில் ஏறு என்பாளா? இல்லை, திருப்பிப் போடுவதும் ஓட்டுவதில் சேர்த்திதான் என்று ஒத்துக்கொள்வாளா? உன்னிடம் கேட்டால் நீ என்ன சொல்வாய்?

ஒன்று மட்டும் நிச்சயம், நைனா. உன் வண்டியை அம்மாவிடம் எதையும் மறைத்து ஓட்ட மாட்டேன். எத்தனை நாள் ஓட்டினாலும் சரி, அது உனக்கு நான் கொடுக்கிற சொல்.

இதுவரை முந்தாநாள் எழுதி மடித்து வைத்தது, நைனா. நேற்றுச் சாயங்காலம் அம்மா சேற்றுக் காலோடு வந்து குனிந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, அவள் கட்டைவிரலை, தேய்ந்த பக்கம் இப்போது இருக்கும் வலது ஓரத்தில் வைத்தேன்.

உன் ஒரே பொண்ணு,
கோமதி