தாமதக் கட்டணக் குழப்பத்தில் அழிந்த கேசட்டில் மிச்சமுள்ள நாற்பது நிமிடம்

அனுப்புநர்:
தையல்காரி,
வீடியோ கடைக்கு எதிர் மாடி.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்.

பொருள்: என் சொந்த கேசட்டை மீட்டுத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாதச் சந்தா கட்டினால் எந்தப் படத்தையும் எத்தனை நாளும் வைத்துக்கொள்ளலாம், தாமதக் கட்டணமே இல்லை என்று கடைக்காரர் அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார். நம்பிச் சேர்ந்தேன். மூன்றாம் மாதம் சந்தாவை ரத்து செய்துவிட்டார். அந்த அறிவிப்பைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். பழைய நாட்களுக்கும் சேர்த்துத் தாமதக் கட்டணமாம். முப்பது நாள் தாண்டினால் படம் நமக்கு விற்றதாகக் கணக்காம்.

2. நான் ஒரு படம் எடுத்து வைத்திருந்த இருபத்தொன்பதாம் நாள் இது தெரிந்து, அரக்கப்பரக்க ஓடிப்போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே இருந்தது என் வீட்டு கேசட். திறந்து பார்க்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அவரும் பார்க்கவில்லை.

3. அதில் இருப்பவள் போன வருடம் இறந்துபோன என் தங்கை. அவள் கணவர் ஒருநாள் வாடகைக்குக் கேமரா எடுத்து, கொடுத்த காசு வீணாகக் கூடாதென்று மூன்று மணி நேரமும் அவளையே பிடித்துவைத்தார். அவள் மகளுக்கு ஆறு வயது. என்னிடம்தான் வளர்கிறாள். ஞாயிறுதோறும் அதைப் போட்டுப் பார்ப்பாள். அம்மாவின் குரல் அவளுக்கு வேறெங்கும் இல்லை.

4. ஞாயிறன்றுதான் மாறிப்போனது தெரிந்தது. படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். முப்பது நாள் முடிந்துவிட்டது, இந்தப் படம் இனி உங்களுடையது, விலையைக் கட்டிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்றார். இரண்டு நாள் கழித்துக் கட்டினேன் (ரசீது இணைத்துள்ளேன்). அதற்குள் படப்பெட்டியில் படம் இல்லாமல் இருக்கக் கூடாதென்று இன்னொரு பிரதியிலிருந்து அதே படத்தை என் தங்கையின் மேல் பதிவு செய்துவிட்டார்! நான் வெட்டுகிற துணி அடுத்தவருடையது என்று எனக்குத் தெரியும் ஐயா. அவருக்கு அது தெரியாதா?

5. அழுதேன். படம் இரண்டு மணி இருபது நிமிடம்தானம்மா, கடைசியில் உங்க ஆள் இருப்பாங்க, வேணும்னா வாடகைக்கு எடுத்துப் பாருங்க என்று சிரித்தார். சரி, கொடுங்கள் என்றேன். பழைய தாமதக் கட்டணம் பாக்கி இருப்பவருக்கு வாடகை கிடையாது என்றார்.

6. வரும் சனிக்கிழமை பழைய கேசட்டுகளை மொத்தமாக எடைக்குப் போடப்போகிறார். பிறகு அதை எங்கே போய்த் தேடுவேன்? எனக்கு நஷ்டஈடு வேண்டாம். கட்டிய பணமும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் ஆளனுப்பி அந்த ஒரு கேசட்டை வாங்கித் தாருங்கள்.

7. மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டது, கதை சொன்னது எல்லாம் முன்பகுதியில் இருந்தன, போய்விட்டன. கடைசி நாற்பது நிமிடமும், கேமராவை அணைத்துவிட்டுச் சாப்பிட வரச்சொல்லித் தன் கணவரை அவள் திட்டுவதுதான். அந்தத் திட்டாவது அவள் பிள்ளைக்குக் கிடைக்கட்டும்.

நாள்: புதன்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வாசல்

தங்கள் பதிலுக்குக் காத்து நிற்கும்,
(ஒப்பம்)
தையல்காரி